புத்தகத்தைப் பார்த்துத் தையல் பழகலாமா? மேரி புரூக்ஸ் பிக்கன் யார்?

கேள்வியில் உங்கள் ஊர் இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் என்று போட்டிருக்கிறீர்கள். வகுப்புக்கு முல்லைத்தீவு டவுனுக்குப் போய்வர பஸ் சரிவராது என்பதால்தான் புத்தகத்தைத் தேடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பழகலாம். மேரி புரூக்ஸ் பிக்கன் செய்து காட்டியதே அதைத்தான்.

அவர் 1886இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1916இல் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் நகரில் பெண்களுக்காக ஒரு நிறுவனம் தொடங்கி, தபால் மூலம் தையல் பாடம் அனுப்பினார். தொண்ணூறுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதினார். 1939இல் ஆடைச் சொற்களுக்கு ஓர் அகராதியும் வெளியிட்டார். இறந்தது 1981இல். பக்கத்தில் ஆசிரியர் இல்லாத பெண் எந்த இடத்தில் தடுமாறுவாள் என்று தெரிந்து எழுதியவர்.

1920களில் அவர் பரப்பிய 'ஒரு மணி நேரச் சட்டை'யில், அதாவது ஒரு மணி நேரத்தில் தைக்கலாம் என்ற கவுனில், தொடங்குங்கள். தோளில் தையல் இல்லை, கையும் உடம்பும் ஒரே துணி. "இது நைட்டி வெட்டுத்தானே" என்று தையல்காரர்கள் சொல்வார்கள். கிட்டத்தட்ட அதுதான். ஆனால் மாதிரித்தாள் இல்லாமல் உடம்பின் அளவிலிருந்து நேரே வெட்டப் பழக இதைவிட நல்ல வெட்டு இல்லை.

மார்பு 36, சீற் (இடுப்புக்குக் கீழே அகன்ற இடம்) 40, நீளம் 42 அங்குலம் என்று வைப்போம். 42இன் இரு மடங்கு 84, கீழ்மடிப்புக்கு 4, ஆக 88. பருத்தி சுருங்கும், அதனால் இரண்டரை மீற்றர் வாங்குங்கள். 36 அங்குல அகலம் போதும். முதலில் துணியை நனைத்துக் காயவைத்து அயன் பண்ணுங்கள். இதை விட்டால் முதல் தோய்ப்பிலேயே சட்டை முழங்காலுக்கு ஏறும். ஓரத்தில் ஒரு நூலை உருவி, அந்தக் கோட்டில் வெட்டினால்தான் துணி நேராக நிற்கும்.

குறுக்கே ஒருதரம், பிறகு நெடுக்கே ஒருதரம் மடியுங்கள். நடுமடிப்பிலிருந்து கை நுனி 16 அங்குலம். கைக்குழி மேல்மடிப்பிலிருந்து 9 அங்குலம் கீழே. அந்த இடத்தில் அகலம் 11: மார்பின் கால்வாசி 9, தளர்வு ஒன்றரை, தையலுக்கு அரை. சீற் இடத்தில் பதினொன்றரை, கீழே 14. கை நுனியில் கை வாய் 7.

பிழை வருவது இரண்டு இடத்தில். ஒன்று கழுத்து. நாலு மடிப்பையும் சேர்த்து ஒரே ஆழத்தில் வெட்டினால் சட்டை பின்னுக்கு இழுபடும். முதலில் பின் கழுத்தை, அகலம் இரண்டே முக்கால், ஆழம் 1 என்று வெட்டுங்கள். பிறகு குறுக்கு மடிப்பை விரித்து, முன்பக்கத்தை மட்டும் 4 அங்குலத்துக்கு இறக்குங்கள். மற்றது கைக்குழி வளைவு. தைத்த பின் அரை அங்குலத்துக்கு ஒன்றாக, தையலில் படாமல் சின்ன வெட்டு விட வேண்டும். விடாவிட்டால் கையைத் தூக்கும்போது இழுத்துக் கிழியும். வன்னி வெயிலில் வியர்வை ஊறும் இடமும் அதுதான், இரட்டைத் தையல் போடுங்கள்.

பருத்திக்கு 14ஆம் நம்பர் ஊசி, மெல்லிய வொயிலுக்கு 11. தையல் விட்டுவிட்டு விழுந்தால் உடனே நூல் இறுக்கத்தைத் திருகாதீர்கள். எங்கள் செம்மண் தூசி, அடிநூல் இருக்கும் பொபின் கூட்டுக்குள் போய் அடைத்திருக்கலாம். கழற்றித் தூரிகையால் தட்டி, ஒரு துளி மெஷின் எண்ணெய் விடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். உதவி செய்ய வருகிறவர்கள் இங்கே மூன்று மாத வகுப்பு வைத்து, சான்றிதழும் மெஷினும் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அளவெடுக்க யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நேர்த்தையல் மட்டும் தெரிந்த பிள்ளைகளின் மெஷின் மூலையில் துருப்பிடிக்கிறது. நல்ல மனதோடு செய்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. மெஷினுக்கு முன் ஓர் அளவுநாடாவைக் கொடுத்து, பத்துப் பேரின் அளவை எடுத்துக் கொப்பியில் எழுத வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நீங்களும் அப்படியே தொடங்குங்கள். முதல் வெட்டைப் பழைய சாரத்தில் (லுங்கியில்) வெட்டிப் பாருங்கள்.