மாட்டுக்கு அடிக்கிற டிப் மருந்தைக் குதிரைக்கும் அடிக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டோங்காட் பக்கம் கரும்பும் காய்கறியும் போடுகிறேன். ஒரு பெட்டைக் குதிரையும், காயடித்த ஆண்குதிரை ஒன்றும் இருக்கின்றன. டிசம்பர் பிறந்ததிலிருந்து இரண்டின் கண்ணைச் சுற்றியும் ஈ மொய்க்கிறது. பெட்டை நாள் முழுக்கக் காலைத் தரையில் உதைத்து ஒரு லாடமே கழன்றுவிட்டது. ஆணுக்குக் கண்ணோரத்தில் ஒரு புண், மூன்று வாரமாக ஆறவில்லை. மாட்டு உண்ணிக்கு வாங்கிய அமிட்ராஸ் டிப் மருந்து வீட்டில் இருக்கிறது. அதையே குதிரைக்கும் அடிக்கலாமா? பகலில் ஈத்தொல்லை என்பதால் இராத்திரியில் வெளியே மேயவிடுகிறேன். அது சரிதானே?

பதில்: தம்பி, இரண்டு கேள்விக்கும் வேண்டாம் என்பதுதான் என் பதில். இன்று மாலையே இரண்டையும் நிறுத்திவிடுங்கள்.

முதலில் டிப் மருந்து. அமிட்ராஸ் மாட்டுக்கு நல்ல உண்ணி மருந்துதான். குதிரை உடம்பு அதைத் தாங்காது. தோல் வழியாக உள்ளே போய்க் குடலின் அசைவை மந்தமாக்கிவிடும். தின்ற புல் பெருங்குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். லத்தி நின்றுபோகும், குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், தரையில் புரளும். அந்த நிலைக்கு வந்த பிறகு காப்பாற்றுவது சுலபம் இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை அடித்திருந்தீர்கள் என்றால், சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு, லத்தி போடுகிறதா என்று பார்க்கக் காத்திருக்காமல் வெட்டை, அதாவது கால்நடை மருத்துவரை, கூப்பிடுங்கள். மாட்டின் முதுகில் ஊற்றுகிற மற்ற மருந்துகளும் அப்படித்தான். லேபிளில் குதிரை என்று எழுதியிருக்காத எதையும் குதிரைமேல் போடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்து குதிரைக்கென்றே விற்கிற ஈ மருந்து கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பூனைக்கும் மீனுக்கும் அது விஷம். கை கழுவிய தண்ணீரை ஓடையில் விட வேண்டாம்.

இனி, உங்கள் குதிரைகளைத் தொல்லை செய்வது ஒரே ஈ இல்லை. கண்ணில் மொய்ப்பது வீட்டு ஈ. அது கடிக்காது, கண்ணீரை நக்கத்தான் வருகிறது. பெட்டை காலை உதைப்பது வேறு ஈக்கு. பார்க்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும், ஆனால் வாயில் ஊசி போல நீட்டிக்கொண்டிருக்கும். முழங்காலுக்குக் கீழே உட்கார்ந்து இரத்தம் குடிக்கும். இதைத் தொழுவ ஈ என்று சொல்லலாம். உதைத்து உதைத்துத்தான் குளம்பு வெடித்து லாடம் கழன்றிருக்கிறது.

இரண்டும் எங்கே பிறக்கின்றன என்று உங்கள் தோட்டத்தையே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். காய்கறிப் பாத்திக்கு என்று கோழி எரு மூட்டை வாங்கி வைத்திருப்பீர்கள். அது நனைந்தால் வீட்டு ஈக்கு அதைவிடப் பிடித்த இடம் இல்லை. தொழுவ ஈக்கு, லத்தியும் மூத்திரமும் கலந்து ஊறிய வைக்கோலும், மழையில் நனைந்து மட்கும் கரும்புச் சோகையும் போதும். ஒரு பெரிய குதிரை நாளைக்குச் சுமார் 20 கிலோ லத்தி போடும். இரண்டுக்கும் சேர்த்தால் ஒரு தள்ளுவண்டி நிறையும். நம் கடற்கரைச் சூட்டில் வீட்டு ஈயின் முட்டை 7 முதல் 10 நாளில் பறக்கிற ஈயாகிவிடும். அதனால் லத்தியைத் தினமும் அள்ள வேண்டும். முடியாவிட்டால் வாரத்துக்கு இரண்டு முறையாவது அள்ளியே ஆக வேண்டும். லாயத்திலிருந்து தள்ளிக் குவித்து, கறுப்புப் பிளாஸ்டிக் போட்டு இறுக மூடி, ஓரத்தில் கல் வையுங்கள். குவியல் உள்ளே சூடேறிப் புழு வெந்துபோகும். பிறகு கரும்புக்கு நல்ல எருவும் ஆகும். கோழி எருவையும் மழை படாமல் மூடுங்கள். மருந்துக்குச் செலவழிப்பதற்கு முன்னால் மண்வெட்டியும் பிளாஸ்டிக்கும் வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

பகலுக்கு, முகத்தில் மாட்டுகிற ஈ வலை ஒன்று வாங்குங்கள். தினமும் கழற்றித் துவைத்து, கண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். வால் மயிரை வெட்ட வேண்டாம். இரண்டும் தலையும் வாலுமாக நின்று ஒன்றுக்கொன்று ஈ ஓட்டிக்கொள்ளும், அதனால் பிரித்துக் கட்டாதீர்கள். ஈப்பொறி வைப்பதென்றால் லாயத்துக்குள் வேண்டாம், தூரமாகத் தொங்கவிடுங்கள். அதன் நாற்றமே ஈயைக் கூப்பிடும்.

கண்ணோரப் புண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறேன். குதிரையின் வயிற்றில் இருக்கும் ஒரு வகைப் புழுவின் குஞ்சை ஈக்கள் சுமந்து வந்து, ஈரமான கண்ணோரத்திலும் காயத்திலும் விட்டுவிடும். அங்கே அது வளரவும் முடியாமல் சாகவும் மாட்டாமல் புண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும். புண்ணில் அரிசிக் குருணை போல மஞ்சள் மணிகள் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான். வாய்வழியாகக் கொடுக்கிற ஐவர்மெக்டின் என்ற புழு மருந்துப் பசை இதற்கு வேலை செய்யும். ஆனால் வேறு நோயும், கட்டியும்கூட இப்படித் தோன்றும். கண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் இந்த வாரமே வெட்டிடம் காட்டுங்கள்.

சரி, இப்போது இராத்திரி மேய்ச்சல். பகலில் உள்ளே கட்டி இரவில் அவிழ்த்துவிடு என்பது குளிர் நாட்டுக்காரர்கள் சொல்கிற யோசனை. அங்கே சரியாக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் அதுதான் குதிரையைக் கொல்லும். இங்கே அந்தி சாய்ந்ததும் குலிகாய்டஸ் என்ற நுண்கொசு கிளம்பும். கடுகளவுகூட இருக்காது. ஆப்பிரிக்கக் குதிரை நோயைக் குதிரைக்குக் குதிரை கொண்டுபோவது இதுதான். 1854-55இல் கேப் பகுதியில் சுமார் 70,000 குதிரைகள் இந்த நோயில் செத்தன. நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் எங்கள் அப்பா காய்கறி வண்டிக்கு ஒரு குதிரை வைத்திருந்தார். மழை விடாமல் பெய்த ஒரு மார்ச் மாதம், காலையில் தீனி தின்ற குதிரை மாலையில் மூக்கில் நுரை வழிய நின்றது. விடிவதற்குள் போய்விட்டது. அதன் கழுத்தைப் பிடித்தபடி அப்பா நின்ற கோலம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நுரையீரலைத் தாக்கி அப்படி வேகமாகக் கொல்வதை இங்கே டன்கோப் என்பார்கள். கண்ணுக்கு மேலே உள்ள பள்ளம் நிரம்பி, தலையும் கழுத்தும் வீங்கினால் அது டிக்கோப். இரண்டுக்கும் முன்னால் காய்ச்சல் வரும். அதனால் ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தினமும் பாருங்கள். 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் வேலை வாங்காமல் நிழலில் நிறுத்தி வெட்டைக் கூப்பிடுங்கள். இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்.

சூரியன் மறைய இரண்டு மணி நேரம் முன்பே இரண்டையும் லாயத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள். விடிந்து இரண்டு மணி நேரம் கழித்து அவிழ்த்துவிடுங்கள். சாதாரணக் கொசுவலைக் கண்ணில் நுண்கொசு நுழைந்துவிடும், அதனால் சன்னலுக்கும் கதவுக்கும் நெருக்கமாக நெய்த 80 சதவீத நிழல்வலை அடியுங்கள். இது பலமாகப் பறக்கத் தெரியாத பூச்சி. ஒரு பெரிய மின்விசிறி ஓடினாலே கிட்ட வர முடியாது. ஒயரை மட்டும் குதிரையின் வாய்க்கு எட்டாமல் கட்டுங்கள். இரவு விளக்கை அணைத்துவிடுங்கள். மாலையில் குதிரைக்கென்று விற்கிற விரட்டி மருந்தை ஸ்பாஞ்சில் நனைத்து வயிற்றிலும் காலிலும் தடவுங்கள். தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் அடைத்துவிடுங்கள். லத்தி கலந்த அந்தச் சேறுதான் நுண்கொசு முட்டையிடும் இடம்.

வேப்பிலைப் புகை போடலாமா என்று பலர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அடைத்த லாயத்தில் புகை குதிரையின் மூச்சைக் கெடுக்கும். அதோடு, நம் பக்கம் வேலியோரத்தில் வளர்கிற சிரிங்கா என்ற மரத்தை வேம்பு என்று நினைத்து ஒடிக்கிறவர்கள் உண்டு. அதன் பழம் விஷம். மேய்கிற இடத்தில் அந்த மரம் இருந்தால் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிவிடுங்கள்.

ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்கான தடுப்பூசி பற்றி நீங்கள் எழுதவில்லை. ஓண்டர்ஸ்டெபூர்ட் என்ற நிறுவனம் தயாரிக்கும் ஊசி இரண்டு புட்டிகளாக வரும், சில வார இடைவெளி விட்டுப் போட வேண்டும். போடுகிற காலம் ஜூன் முதல் அக்டோபர் வரை. உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசி என்பதால் நுண்கொசு நிறைந்த இந்த மாதங்களில் நீங்களாகப் போட்டுவிடாதீர்கள். இந்த ஆண்டு போடவில்லை என்றால், கண்ணோரப் புண்ணைக் காட்டப் போகும்போதே வெட்டிடம் சொல்லி என்ன செய்வது என்று கேளுங்கள். மேட்டு நிலத்தில் உறைபனி விழுந்ததும் பூச்சி அடங்கும். டோங்காட்டில் உறைபனி கிடையாது. அதனால் மே மாதம் வந்து குளிர் தொடங்கிவிட்டதே என்று மாலையில் கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள்.