ஆபீஸ் காப்பியரில் ஸ்கேன் டு இமெயில் திடீரென்று நின்றுவிட்டது. காப்பி, பிரிண்ட் எல்லாம் வருகிறது. எங்கே பார்ப்பது?

நீங்கள் எழுதியிருப்பது இது: ஆறு வருட மெஷின், ஜிமெயில் கணக்கு போட்டு வைத்திருக்கிறீர்கள், போன வாரம் வரை மெயில் போனது, இப்போது திரையில் "சென்ட் எரர்". சர்வீஸ் ஆள் வந்து "மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்று போய்விட்டார். நெட்காரரைக் கேட்டால் "நெட் நல்லாத்தான் இருக்கு" என்கிறார்.

ஈரோட்டில் சில சின்ன ஆபீஸ்களுக்கு கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். எனக்கு அதிகம் போன் வருவது இந்தப் பிரச்சினைக்குத்தான். அவர்கள் இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். மெஷின் மெயில் அனுப்பும்போது வரிசையாகச் சில வேலைகள் செய்கிறது. முதலில் மெயில் சர்வரின் பெயரைக் கொடுத்து அதன் முகவரியைக் கேட்கிறது. பிறகு அந்த முகவரியில் குறிப்பிட்ட போர்ட்டை, அதாவது எண் போட்ட ஒரு கதவை, தட்டுகிறது. கதவு திறந்ததும் பேச்சை ரகசியமாக்கிக்கொள்கிறது. அதன் பிறகுதான் யூசர் பெயர், பாஸ்வேர்ட். கடைசியில் ஃபைல். இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் எந்த செட்டிங்கிலும் கை வைக்காதீர்கள். நாலு பேர் நாலு இடத்தில் மாற்றிவிட்ட மெஷினைச் சரி செய்வதுதான் எனக்கு மிகவும் கடினமான வேலை.

ஆகவே முதலில் மெஷின் திரையில் ஜாப் ஹிஸ்டரிக்கு (செய்த வேலைகளின் பட்டியல்) போய், தோற்ற வேலையைத் தொட்டு, எரர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் சில மெஷின்களில் மெயில் சர்வர் சொன்ன பதிலே பதிவாகியிருக்கும். அது எல்லா மெஷினுக்கும் ஒன்றுதான். 535 என்றால் பாஸ்வேர்ட் ஏற்கப்படவில்லை. 534 என்று வந்து கூடவே 5.7.9 இருந்தால் ஆப் பாஸ்வேர்ட் (மெஷினுக்கென்று தனியாக உருவாக்கும் பாஸ்வேர்ட்) கேட்கிறது. 530 என்று வந்து ஸ்டார்ட்-டிஎல்எஸ் பற்றி ஏதாவது இருந்தால், ரகசியப் பேச்சை நீங்கள் ஆன் செய்யவில்லை. 552 என்றால் ஃபைல் பெரியது. இந்த மாதிரி மூன்றிலக்க எண் எதுவுமே இல்லாமல் "கனெக்ஷன்" என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் மெஷின் சர்வர் வரைக்கும் போய்ச் சேரவே இல்லை.

உங்களுடையது ஜிமெயில் என்பதால் என் முதல் சந்தேகம் பாஸ்வேர்ட் மேல்தான். சாதாரண ஜிமெயில் பாஸ்வேர்டை இப்படி மெஷினில் போட்டு அனுப்பும் வசதியை கூகுள் 2022 மே 30-ல் தனிநபர் கணக்குகளுக்கு நிறுத்தியது. அதற்குப் பிறகு டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்து, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்று உருவாக்கி, அதைத்தான் மெஷினில் போட வேண்டும். போன வாரம் வரை போயிருக்கிறது என்றால் உங்களுக்கும் யாரோ ஆப் பாஸ்வேர்ட் போட்டுத்தான் கொடுத்திருப்பார்கள். பலருக்குத் தெரியாத விஷயம் இங்கேதான் இருக்கிறது: ஜிமெயிலின் முக்கிய பாஸ்வேர்டை யாராவது மாற்றினால், பழைய ஆப் பாஸ்வேர்ட் எல்லாம் அந்த நிமிடமே செல்லாது.

எனக்கு இது புரிந்தது ஓர் ஆடிட்டர் ஆபீஸில். ஜூலை கடைசி வாரம், ரிட்டர்ன் போடும் அவசரம். மெஷின் பக்கத்தில் கட்டுக் கட்டாக பேங்க் ஸ்டேட்மென்ட். அங்கே இருக்கும் அக்கா, "தம்பி, நேத்து சாயங்காலம் வரைக்கும் போயிட்டுத்தானுங்க இருந்துச்சு, நான் எதையும் தொடலீங்க" என்று கண் கலங்கிச் சொன்னார். ஆடிட்டர் அவரைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். விசாரித்தால், ஆடிட்டரே முந்தின நாள் இரவு வீட்டில் உட்கார்ந்து, பாதுகாப்புக்காகப் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். செய்தது நல்ல காரியம்தான். ஆனால் அது மெஷினையும் தொடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "அக்கா மேல தப்பே இல்லீங்க சார்" என்று அந்த அக்கா முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன். உங்கள் ஆபீஸிலும் முதலில் இதைக் கேளுங்கள்: போன வாரம் யாராவது பாஸ்வேர்ட் மாற்றினார்களா?

புது ஆப் பாஸ்வேர்டை அடிக்கும்போது கவனம் வேண்டும். கூகுள் அதை நாலு நாலு எழுத்தாக இடைவெளி விட்டுக் காட்டும். மெஷினில் இடைவெளி இல்லாமல், எல்லாம் சின்ன எழுத்தில் அடியுங்கள். சில மெஷின்களின் டச் ஸ்கிரீன் கீபோர்ட் பெரிய எழுத்தில்தான் திறக்கும், அடிப்பதோ நட்சத்திரக் குறியாகத் தெரியும். நான் மெஷினில் அடிப்பதே இல்லை. மெஷினின் ஐபி முகவரியைக் கம்ப்யூட்டர் பிரவுசரில் போட்டால் அதன் செட்டிங் பக்கம் திறக்கும், அங்கே போய் ஒட்டிவிடுவேன். யூசர் பெயர் முழு மெயில் முகவரியாக இருக்க வேண்டும். சர்வர் எஸ்எம்டிபி டாட் ஜிமெயில் டாட் காம், போர்ட் 587, ஸ்டார்ட்-டிஎல்எஸ் ஆன். மெஷினில் எஸ்எஸ்எல் (ஆரம்பத்திலிருந்தே ரகசியமாகப் பேசும் முறை) மட்டும்தான் இருக்கிறது என்றால் போர்ட் 465. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் மெஷின் நீண்ட நேரம் யோசித்துவிட்டு விட்டுவிடும்.

பாஸ்வேர்ட் யாரும் மாற்றவில்லையா? தேதியைப் பாருங்கள். மெஷினின் கடிகாரம் தவறாக இருந்தால், சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழ் "இன்னும் தொடங்கவில்லை" அல்லது "காலாவதி" என்று அதற்குத் தோன்றும், பேச்சையே முறித்துவிடும். உள் பேட்டரி போன பழைய மெஷினில் நீண்ட கரண்ட் கட்டுக்குப் பிறகு இது நடக்கும். காப்பி, பிரிண்ட் இரண்டுக்கும் தேதி தேவையில்லை என்பதால் யார் கண்ணிலும் படாது.

சமீபத்தில் ரூட்டர் மாற்றினீர்களா என்பதும் முக்கியம். பிரிண்டுக்காக மெஷினுக்கு நிலையான ஐபி (மாறாத முகவரி) கொடுத்து வைத்திருப்பார்கள். அதோடு கேட்வே, அதாவது வெளியே போகும் வழியான ரூட்டரின் முகவரி, 192.168.1.1 என்றும் எழுதியிருப்பார்கள். புது ரூட்டர் 192.168.1.254 என்று வந்தால், கம்ப்யூட்டரில் இருந்து பிரிண்ட் ஜோராக வரும், ஏனென்றால் அது ஆபீஸுக்குள்ளேயே நடக்கிறது. மெயில் மட்டும் வெளியே போக வழி தெரியாமல் நிற்கும். டிஎன்எஸ் (சர்வர் பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்வது) இடத்தில் 0.0.0.0 இருந்தாலும் இதே கதைதான். அங்கே ரூட்டரின் முகவரியோ, கூகுளின் டிஎன்எஸ் ஆன 8.8.8.8 என்றோ போடுங்கள்.

ஒரு பக்கம் போகிறது, பத்துப் பக்கம் போகவில்லை என்றால் அளவுதான் காரணம். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) கலரில் ஓர் ஏ4 பக்கம் சுருக்குவதற்கு முன் சுமார் 26 எம்பி. மெஷின் சுருக்கித்தான் அனுப்புகிறது, ஆனாலும் பக்கம் கூடக் கூட ஏறும். ஜிமெயில் வரம்பு 25 எம்பி. மெயிலில் ஃபைலை எழுத்தாக மாற்றி அனுப்புவதால் அது மூன்றில் ஒரு பங்கு பெருக்கும், அதனால் நிஜத்தில் 18 எம்பிக்கு மேல் நம்ப முடியாது. சாதாரண பில், ஸ்டேட்மென்டுக்குக் கலரே வேண்டாம். கறுப்பு வெள்ளை, 200 டிபிஐ போதும்.

மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: அந்த மெயில்பாக்ஸுக்கு எஸ்எம்டிபி ஆத் (மெஷின் லாகின் செய்து மெயில் அனுப்பும் அனுமதி) தனியாக ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று அட்மினிடம் கேளுங்கள். "ஃப்ரம்" முகவரியும் லாகின் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடும். டிஎல்எஸ் 1.2 (ரகசியப் பேச்சின் புதிய முறை) தெரியாத பழைய மெஷினுக்கு ஃபர்ம்வேர் (மெஷினுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்று சர்வீஸில் கேளுங்கள். அதுவும் இல்லை என்றால் மெயிலை விட்டுவிட்டு, ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டருக்கு ஸ்கேன் போகும்படி செய்துவிடலாம்.

தயவு செய்து முதலாளியின் சொந்த ஜிமெயிலை மெஷினில் போடாதீர்கள். சென்ட் ஃபோல்டரில் எல்லோருடைய ஆதார், பான் நகலும் சேர்ந்துகொண்டே இருக்கும். மெஷினை விற்கும் நாளில் கணக்கு விவரமும் அதோடு போய்விடும். ஸ்கேனுக்கென்றே ஒரு கணக்கு தொடங்குங்கள். அந்த ஆடிட்டர் ஆபீஸில் அன்றே அப்படிச் செய்தோம். சர்வர், போர்ட், கேட்வே எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி (பாஸ்வேர்ட் மட்டும் எழுதவில்லை), பேப்பர் ட்ரே கதவின் உள்பக்கம் அந்த அக்காவே ஒட்டினார். போன மாதம் ரூட்டர் மாறியபோது அவரே அதைப் பார்த்து கேட்வேயை மாற்றிவிட்டு, "போயிருச்சுங்க தம்பி" என்று எனக்கு ஒரு ஸ்கேன் அனுப்பினார்.

உங்கள் எரர் எண்ணையும் மெஷின் மாடலையும் கருத்தில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.