புகைப்புரையில் பதிந்த ஏழு பாடல்கள்

கேள்வி: நான் கிட்டார் வாசித்துப் பாடுவேன், தக்கலையைச் சேர்ந்த என் நண்பர் டிரம்ஸ் வாசிப்பார். குலசேகரம் அருகே ரப்பர் ஷீட் உலர்த்தும் பழைய புகைப்புரை ஒன்றில் பங்க் ப்ளூஸ் பாணியில் ஏழு பாடல்களைப் பதிந்திருக்கிறோம். பாட்டு மைக்கில் டிரம்ஸ் சத்தம் ஏறியிருப்பதால், எல்லாவற்றையும் தனித்தனியாக மறுபடி பதிய வேண்டும் என்கிறார் ஒலிப்பதிவாளர். என்ன செய்யலாம்?
– வாசகர், குளச்சல்

பதில்: அவசரப்பட்டு எதையும் அழித்துவிடாதீர்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலப் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களின் ப்ளூஸும், 1970களில் நியூயார்க்கிலும் லண்டனிலும் வெடித்த பங்க் என்னும் முரட்டு ராக் இசையும் சேர்ந்த இந்த இசையில், ஒரே அறையில் இருவர் ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பதுதான் உயிர்.

ப்ளூஸ் கலைஞர் ஆர். எல். பர்ன்சைடு மிசிசிப்பி மலைநாட்டுக்காரர்; பல பாடல்களில் ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) விடாமல் சுழற்றுபவர். 1996 பிப்ரவரியில், தம் 69ஆம் வயதில், பேஸ் கிட்டாரே இல்லாத நியூயார்க் குழுவான ஜான் ஸ்பென்சர் ப்ளூஸ் எக்ஸ்ப்ளோஷனுடன் மிசிசிப்பியின் ஹாலி ஸ்பிரிங்ஸ் ஊரில் வாடகைக்கு எடுத்த ஒரு வேட்டை விடுதியில் உட்கார்ந்து, ஒரே பிற்பகலில் ஓர் ஆல்பத்தை முடித்தார். அதில் சிரிப்பும் கூச்சலும் அப்படியே கிடக்கின்றன. அவற்றைத் துடைத்திருந்தால் அந்த ஆல்பத்தில் மிஞ்சுவது குறைவே என்பது என் எண்ணம்.

உங்களைப்போல் இருவராகச் சேர்ந்தவர்கள் என்றால், அமெரிக்க பங்க் ப்ளூஸ் குழுவான கன் கிளப்பின் ஜெஃப்ரி லீ பியர்ஸும் லண்டன் கிட்டார் கலைஞர் சைப்ரஸ் குரோவும் உண்டு. அவர்களின் கூட்டு ஆல்பம் 1992இல் வந்தது. பெரும்பாலும் பழைய ப்ளூஸ் பாடல்கள். பியர்ஸ் 1996இல் இறந்தார். பல ஆண்டுகளுக்குப் பின், இருவரும் ஒத்திகை பார்த்த கேசட் ஒன்று குரோவின் கையில் தட்டுப்பட, அதிலிருந்த அரைகுறைப் பாடல்களைப் பலர் சேர்ந்து முழுமையாக்கி, 2009இல் ஓர் ஆல்பமாகக் கொண்டுவந்தனர். ‘சுத்தமில்லை’ என்று அந்தக் கேசட்டை எறிந்திருந்தால்?

இன்னொன்று: டிரம்ஸ் மைக்கிலும் உங்கள் குரல் ஏறியிருக்கும். ஆகவே பாட்டை மட்டும் மாற்றினால், பழைய குரல் பேய்போல் பின்னால் ஒலிக்கும். சொற்களே புரியாத பாடல் இருந்தால், அதை மட்டும் அதே புரையில் இருவரும் சேர்ந்து முழுதாக வாசித்துப் பதியுங்கள். முன்புறச் சத்தத்தையே பெரும்பாலும் வாங்கும் மைக்காகப் பார்த்து, அதன் முதுகு டிரம்ஸை நோக்கும்படி வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

கேள்வி: இந்த இசையில் வில்லுப்பாட்டைக் கலப்பது பொருந்துமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அலங்காரத்துக்காகச் சேர்ப்பதாயிருந்தால் வேண்டாம். ஆனால் நம் ஊர்க் கோயில் கொடை விழாக்களில், வில்லுப்பாட்டின் தலைமைப் பாடகரான புலவர் ஓர் அடியை வீசியதும் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ என்று தாங்கிப் பிடிப்பதைக் கேட்டு வளர்ந்தவருக்கு, கிட்டார் கேட்டு டிரம்ஸ் பதில் சொல்வது புதிதல்ல. வில்லுப்பாட்டில் குடம் அடிக்கும் குடக்காரர் ஒருவரை அழைத்து, டிரம்ஸை நிறுத்திவிட்டு, குடத்தை மட்டும் வைத்து ஒரு பாடலை முயன்று பார்க்கலாம். குடத்தின் வாயில் பத்தி (குடத்தை அடிக்கும் மட்டை) விழும்போது கிளம்பும் காற்று மைக்கில் மோதிப் பதிவைக் கெடுக்கும்; மைக்கை ஒரு முழம் தள்ளி, சற்றுச் சாய்த்து வையுங்கள்.