கர்நாடக வயலினோடு ஓல்ட்-டைம் ஜாமுக்குப் போகலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: வட கரோலினாவின் மோரிஸ்வில்லுக்கு வந்து சில மாதம் ஆகிறது. ஊரில் பள்ளிக்கூட நாட்களில் வர்ணம் வரை வயலின் கற்றிருக்கிறீர்கள். பக்கத்து டர்ஹாமில் ஒரு பியர் கடையில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பிடிலும் (வயலினுக்கு இங்கே அந்தப் பெயர்) பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் வாசித்ததைப் பார்த்தீர்கள். அதுதான் ஓல்ட்-டைம் ஜாம்: அப்பலாச்சிய மலைப்பக்கத்துப் பழைய நாட்டுப்புற இசையைக் கூடி உட்கார்ந்து வாசிப்பது. நாமும் போய் உட்காரலாமா, கற்றது உதவுமா, யாராவது முறைப்பார்களா?

வட கரோலினாவில் பல வருடமாக அப்படிப்பட்ட வட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து வாசிக்கிற அமெச்சூர் நான். தாராளமாகப் போகலாம். கற்றதில் பாதி கைகொடுக்கும், பாதி காலை வாரும். எது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு போனால் சுலபம்.

சுருதியில் உங்களுக்கு அதிர்ஷ்டம். மேற்கத்திய வயலினில் தந்திகள் கீழிருந்து ஜி, டி, ஏ, ஈ. ஆனால் அப்பலாச்சிய மலைப்பக்கத்துப் பிடில்காரர்கள் ட்யூனுக்குத் தகுந்தபடி தந்திகளை மாற்றிச் சேர்த்துக்கொள்வார்கள். ஏ சுருதி ட்யூன்களுக்குப் பலர் வைப்பது ஏ-ஈ-ஏ-ஈ. ஆறு கட்டையில், அதாவது ஏ-யை 'ச' என்று வைத்தால், ச-ப-ச-ப, அவ்வளவுதான். நாம் பழகிய அதே சேர்க்கை! கீழ்த் தந்திகளில் விரல் போன அதே வழியில் மேல்த் தந்திகளிலும் போகலாம். பக்கத்துத் தந்தியையும் வில்லால் சேர்த்து உரசினால் ஆதார சுருதி கூடவே ஓடும். மேற்கத்திய முறையில் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். நமக்கு இது சொந்த வீடு. இதையே ஒரு முழு ஸ்வரம் இறக்கி ஜி-டி-ஜி-டி என்று வைத்தால் ஜி சுருதி ட்யூன்களும் வசப்படும்.

டி சுருதிக்கு வந்தால் கதை வேறு. அங்கே பலர் ஏ-டி-ஏ-ஈ என்று வைப்பார்கள். நம் கணக்கில் ப-ச-ப-ரி. மேல்த் தந்தியில் கை பஞ்சமத்தை எதிர்பார்க்கும், காதில் விழுவது ரிஷபம். இது பழக நாளாகும். அதனால் ஆரம்பத்தில் ஏ சுருதி ஓடும்போது வாசியுங்கள், டி வந்தால் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். பாஞ்சோக்காரர்கள் சுருதி மாற்றக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும் என்பதால், ஒரு சுருதியில் ஆரம்பித்தால் வெகு நேரம் அதிலேயே ஓட்டுவார்கள். "அடுத்தது ஜி-க்குப் போகலாமா?" என்று நீங்கள் கேட்காதீர்கள். அதைச் சொல்ல அங்கே மூத்தவர்கள் இருப்பார்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த வயலின் என்றால் தாழ்ந்த சுருதியில் கிடந்து பழகியிருக்கும். அதே தந்தியை ஒரே மூச்சில் ஆறு கட்டைக்கு முறுக்கினால் அறுந்து முகத்தில் அடிக்கும். வயலின் கடையில் காட்டிப் புதுத் தந்தி போட்டுக்கொள்ளுங்கள். நான்கு தந்திக்கும் சின்னத் திருகு வைக்கச் சொல்லுங்கள், அடிக்கடி சுருதி மாற்ற அது வேண்டும். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் வீட்டுக் காற்று காய்ந்து பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) வழுக்கும். பெட்டிக்குள் வைக்கிற ஈரப்பதக் குழாய் கடையிலேயே கிடைக்கும்.

இனி காலை வாருகிற பாதி. முதலில் உட்காரும் விதம். தரையில் சம்மணமிட்டு வயலின் தலையைக் கணுக்காலில் வைக்க அங்கே இடமிருக்காது, எல்லோரும் நாற்காலியில்தான். மோவாயில் இடுக்கித்தான் பிடிக்க வேண்டும் என்பதில்லை, பழைய ஆட்கள் பலர் மார்பில் சாய்த்தே வாசித்தார்கள். நமக்கு இடது கை தந்தி நெடுக வழுக்கிப் போகும். இங்கே அது தலைப்பக்கம் ஒரே இடத்தில் நின்று, நான்கு விரலும் வேலை செய்யும். சுண்டுவிரலுக்குக் கொஞ்சம் கசரத்து தேவைப்படும்.

அதைவிடப் பெரிய விஷயம் வலது கை. நாம் ஒரே வில்லில் ஏழெட்டு ஸ்வரத்தை இழுத்து, ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தில் உயிரை வைக்கிறோம். ஓல்ட்-டைமில் உயிர் வில் தாளத்தில் இருக்கிறது, ஏனென்றால் இது ஆட்டத்துக்கு வாசித்த இசை. தாம்-தக, தாம்-தக என்று வில் ஓட வேண்டும். சில நாள் ட்யூனே வேண்டாம். இரண்டு தந்தியைச் சேர்த்து வைத்து அந்தத் தாளத்தை மட்டும் ஓட்டுங்கள். பக்கத்து அறையில் இருப்பவரின் கால் தானாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

கமகத்தை முழுக்க மூட்டை கட்டவும் வேண்டாம். மவுண்ட் ஏரி (Mount Airy) என்ற ஊருக்குப் பக்கத்தில் டோஸ்ட் என்ற சிற்றூரில் டாமி ஜாரல் (1901–1985) என்று ஒருவர் இருந்தார். நெடுஞ்சாலைத் துறையில் கிரேடர் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் அவர் வீட்டுக்கே வந்து தங்கிக் கற்றுப் போனார்கள். 1982-இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அவருக்கும் கிடைத்தது. அவர் பதிவுகளைக் கேளுங்கள். சில ட்யூன்களில் 'க' ஸ்வரம் தாழ்ந்த சாதாரண காந்தாரமும் இல்லை, உயர்ந்த அந்தர காந்தாரமும் இல்லை, நடுவில் எங்கோ நிற்கும். ஸ்வரத்துக்குள் வழுக்கி ஏறுவதும் உண்டு. மேற்கத்தியக் காது அதை அபஸ்வரம் என்று சொல்லிவிடும், உங்கள் காது சொல்லாது. ஆனால் அவர் வைக்கிற இடத்தில் மட்டும் வையுங்கள், தோடி ராகம் மாதிரி எல்லா ஸ்வரத்தையும் அசைக்காதீர்கள்.

ஜாம் என்பது கச்சேரி கிடையாது. நம் ஊர் பஜனை மடத்தோடு அதற்கு உறவு அதிகம்: ஒருவர் எடுத்துக் கொடுப்பார், எல்லோரும் சேர்ந்து அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், கேட்பவர்களைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ப்ளூகிராஸ் என்ற இன்னோர் அமெரிக்க இசை வகையில் ஆளாளுக்குத் தனியாவர்த்தனம் உண்டு, இங்கே இல்லை. கற்பனை ஸ்வரம் போடும் ஆசையைக் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பெரும்பாலான ட்யூன்கள் இரண்டு பாகம், ஒவ்வொன்றும் இரண்டு முறை, பிறகு முதலிலிருந்து. பத்துப் பதினைந்து சுற்று போகும். கற்பதற்கு அதுவே போதுமான பாடம். முதல் சில சுற்றில் சும்மா கேளுங்கள், பிறகு முக்கிய ஸ்வரங்களை மட்டும் மெதுவாகத் தொடுங்கள், கடைசிச் சுற்றுகளில் பாதியாவது பிடிபடும். எடுத்துக் கொடுத்தவர் ஒரு காலைத் தூக்கினால் அந்தச் சுற்றோடு முடிவு. தாளம் போட்டு எண்ணிக்கொண்டே இருக்காதீர்கள்: 'க்ரூக்கட்' என்று சொல்லும் சில ட்யூன்களில் நடுவில் ஓர் எண்ணிக்கை கூடும் அல்லது குறையும், ஆதி தாளக்காரன் அங்கே தலைகீழாக விழுவான். மெட்டைப் பிடித்துக்கொண்டு போனால் தப்பிக்கலாம். யாரும் நோட்டுப் புத்தகம் வைத்திருக்க மாட்டார்கள். போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

எந்த ட்யூனில் ஆரம்பிப்பது? 'ஏஞ்சலின் தி பேக்கர்' ஏறக்குறைய மோகன ராகம், ஆனால் டி சுருதி. 'ஓல்ட் ஜோ கிளார்க்' ஏ சுருதி, ஹரிகாம்போதி ராகத்தின் ஸ்வரங்கள். எல்லா ஜாமிலும் எடுப்பார்கள். ஆகவே இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள்.

முறைப்பார்களா என்ற கேள்விக்கு ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். வட்டத்தில் பெரும்பாலும் வெள்ளையர்கள், அதிலும் நரைத்த தலைகள். பல இடங்களில் நீங்கள் ஒருவர்தான் நம் நிறத்தில் இருப்பீர்கள். ஆனால் இந்த இசை வெள்ளையர்களின் தனிச் சொத்தாக என்றைக்கும் இருந்ததில்லை. பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கைவழி வந்தது. உங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாத மெபேன் பகுதியில்தான் ஜோ தாம்ப்சன் என்ற கறுப்பினப் பிடில்காரர் வாழ்ந்தார். 2012-இல் தன் 93-ஆம் வயதில் காலமானார். அவர் வீட்டுக்குப் போய்க் கற்ற மூன்று இளைஞர்கள்தான் 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' குழுவைத் தொடங்கி கிராமி வரை போனார்கள்.

ஏற்கெனவே வேறு முறையில் படித்துவிட்டோமே என்ற தயக்கம் இருந்தால் ஆலன் ஜபூரைப் பாருங்கள். செவ்வியல் வயலின் கற்றவர், 1960-களில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். வர்ஜீனியாவின் க்ளென் லின் ஊரில் ஹென்றி ரீட் என்ற முதியவரைத் தேடிப் போய் அவர் வாசித்ததைப் பதிவு செய்து, காதாலேயே கற்றார். அந்தப் பதிவுகள் 180-க்கு மேல், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டர்ஹாம் பக்கத்து வட்டங்களில் இன்றும் சுற்றும் பல ட்யூன்கள் ரீடிடமிருந்து ஜபூர் வழியாக வந்தவை.

பியர் குடிக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எலுமிச்சை சோடா வாங்கினாலும் கடைக்காரருக்குச் சந்தோஷம்தான்.

ஜூன் முதல் வார இறுதியில் மவுண்ட் ஏரியில் பிடில் மாநாடு நடக்கும், ஆகஸ்டில் வர்ஜீனியாவின் கேலக்ஸில் 1935-இல் தொடங்கிய மாநாடு இருக்கிறது. மேடைப் போட்டியைவிடக் கூடாரங்களுக்கு நடுவே ராத்திரி நடப்பதுதான் சுவை. முதல் வருடம் மவுண்ட் ஏரி போதும், இரண்டு மணி நேர ஓட்டம். போகும் முன் ஒரு மடக்கு நாற்காலி வாங்கிக்கொள்ளுங்கள், கைப்பிடி இல்லாததாகப் பார்த்து. கைப்பிடி இருந்தால் வில் பிடிக்கிற முழங்கை இடிக்கும்.