குன்னூர்ல பாப்பா, ஷிசுவோகால பாட்டி, பேரு மட்டும் இன்னும் வரல

கேள்வி: அக்கா, நான் குன்னூர். அப்பா டீ ஃபேக்டரில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வீட்டுக்காரர் ஜப்பான், ஷிசுவோகா பக்கம், டீ வாங்குற கம்பெனி விஷயமா இங்க வந்தவர். பொண்ணு பொறந்து அஞ்சு வாரம் ஆச்சு, மகம் நட்சத்திரம். ம, மி, மு, மே இதுல ஒண்ணுல ஆரம்பிக்கணும்னு ஜோசியர் சொன்னதை அம்மா கெட்டியா புடிச்சிட்டாங்க. மாமியார் போன்ல த்சுமுகின்னு வைக்கச் சொல்றாங்க. எனக்கு நிலான்னு வைக்க ஆசை, ஆனா அதைச் சொன்னா இவர் சிரிக்கிறார், காரணம் கேட்டா சொல்ல மாட்டேங்கறார். நீங்களே ஒரு வழி சொல்லுங்க.

பதில்: மொதல்ல உங்க வீட்டுக்காரர் ஏன் சிரிக்கிறார்னு சொல்லிடறேன்மா, பாவம் அவர் உங்க மனசு நோகக்கூடாதுன்னு மறைக்கிறார். ஜப்பான்காரங்க வாயில ல-வும் ர-வும் ஒண்ணுதான், நிலான்னு நீங்க கூப்பிட்டா அவங்க காதுல நிரான்னு விழும், நிரான்னா அங்க ஒரு கீரை, பூண்டு வாசனை தூக்கலா இருக்கும், கொழுக்கட்டை மாதிரி ஒண்ணு செய்வாங்களே கியோசான்னு, அதுக்குள்ள பொடிசா நறுக்கிப் போடுவாங்க. நமக்கு நிலா, அவங்களுக்குக் கீரைக்கட்டு. இதே கணக்குல உமான்னு வச்சா அங்க குதிரை, ஹேமான்னு வச்சா அங்க சொதப்பல்னு அர்த்தம். அதனால ஆசைப்பட்ட பேரை எல்லாம் ஒரு தாள்ல எழுதி மொதல்ல அவர்கிட்ட குடுங்க, சிரிச்சா எதுக்குன்னு சொல்லியே ஆகணும்னு கண்டிஷன் போடுங்க.

மாமியார் சொன்ன பேரை லேசா தள்ளிடாதீங்க. த்சுமுகிங்கறது இப்ப அங்க பொண்ணுங்களுக்கு ரொம்ப இஷ்டமா வைக்கிற பேர்ல ஒண்ணு, கையால பட்டுநூல் திரிச்சு நெய்யற ஒரு துணியோட பேரு அது. வேடிக்கை என்னன்னா நம்ம வாயில வந்தா அது நேரா சுமுகி ஆயிடுது, அழகான முகம் உள்ளவன்னு நம்ம ஊர்லயே வைக்கிற பேருதானே! எழுத்து மட்டும் ம இல்ல. நட்சத்திர எழுத்துல ஒரு பேரைத் தொட்டில்ல போடும்போது காதுல மூணு தடவை சொல்லிட்டு சர்டிஃபிகேட்ல வேற பேரு போடற வீடுகள் எத்தனையோ இருக்கு, அம்மா அதுக்கு ஒத்துக்கிட்டா சுமுகிய வைக்கலாம். ஆனா எனக்கு ஒரு தயக்கம், இங்க்லீஷ்ல எழுதணும்ல. ஜப்பான் முறைப்படி அது டி எஸ் யூன்னு ஆரம்பிக்கும், நம்ம ஆஃபீஸ்ல டைப் அடிக்கிறவர் அந்த டி-ய அச்சுப் பிழைன்னு நினைச்சு எடுத்துடுவார், அப்புறம் ஆதார்ல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு, பாஸ்போர்ட்ல ஒண்ணுன்னு பொண்ணு காலம் பூரா அஃபிடவிட் எழுதிட்டே திரியணும். 2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பொறந்த குழந்தைங்களுக்கு பர்த் சர்டிஃபிகேட்தான் எல்லாத்துக்கும் ஆதாரம், அதுல ஒரு எழுத்து தப்பினா போச்சு.

அப்போ ம-ல என்ன இருக்குன்னு பார்ப்போம். மீனா சொல்றதுக்கு ரெண்டு ஊருக்கும் சுலபம்தான், ஆனா நாம ரெண்டு ஈ போட்டு எழுதுவோம், அவங்க முறைல ஒரே ஒரு ஐ, மறுபடியும் அதே தொல்லை. வேற மாதிரி எழுதணும்னா அங்க தனியா எழுதிக் கேட்டு வாங்கணும், முடியாததில்ல, எதுக்கு வேலைன்னுதான். மாலா அங்க மாரா ஆகும், அதுக்கு அங்க இருக்கற ஒரு அர்த்தத்தை நான் இங்க எழுத மாட்டேன், அவர்கிட்டயே கேட்டுக்கோங்க.

மாரின்னு ஒண்ணு உங்களுக்கும் தோணியிருக்கும். பேப்பர்ல பார்த்தா இதைவிடப் பொருத்தமே கிடையாது. நமக்கு மழை, ஊர் நடுவுல தந்தி மாரியம்மன் வேற இருக்கா, அங்கேயும் மரிங்கறது சாதாரணமா பொண்ணுங்களுக்கு வைக்கிற பேரு, மல்லிகையைக் குறிக்கிற ரெண்டு எழுத்துல எழுதறதும் உண்டு, அந்த வார்த்தையே மல்லிகாங்கற சமஸ்கிருத வார்த்தைல இருந்து சீனா வழியா அங்க போனதுதான். இவ்வளவும் இருந்தும் நான் வேண்டாம்னுதான் சொல்வேன். ஏன்னா அங்க சின்னக் குழந்தைய பேரோட சான் சேர்த்துதான் கொஞ்சுவாங்க, மா-வை நீட்டவும் மாட்டாங்க. வீடியோ கால்ல உங்க மாமியார் ஆசை ஆசையா "மரிச்சான், மரிச்சான்"னு கூப்பிட, இந்தப் பக்கம் உங்கம்மா நெஞ்சைப் புடிச்சிட்டு உக்காந்துடுவாங்க. கூடலூர்ல மலையாளம் பேசற சொந்தம் யாராவது இருந்தாங்கன்னா கேக்கவே வேண்டாம். எந்தப் பேரா இருந்தாலும் எழுதிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, ரெண்டு வீட்லயும் எப்படிக் கொஞ்சுவாங்களோ அப்படி வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்க.

என் ஓட்டு மாயாவுக்கு. எழுத்து ம, இங்க்லீஷ்ல எம் ஏ ஒய் ஏ, ரெண்டு நாட்டுலயும் அதே நாலு எழுத்துதான். கோபே ஊருக்குப் பின்னாடி மாயா மலைன்னே ஒண்ணு இருக்கு, அங்க உள்ள கோயில்ல புத்தரோட அம்மாவைக் கும்பிடறாங்க. மாயான்னா மாயைதானே, நிலைக்காததுன்னு அர்த்தமாச்சேன்னு உங்க பக்கம் பெரியவங்க இழுப்பாங்க. மாரியம்மனை மகமாயின்னு கூப்பிடறோமே, அந்த மாயிதான் இதுன்னு சொல்லுங்க, அதுக்கு மேல பேச மாட்டாங்க.

மாமியாருக்கு என்ன மிச்சம்னு கேட்டா, அவங்களுக்குத்தான் பெரிய வேலை. ஜப்பான்ல பேரோட சத்தம் பாதி, அதை எந்த எழுத்துல எழுதறாங்கங்கறதுதான் மீதி, மாயாங்கற சத்தத்துக்கே பல விதமா எழுத்து சேர்க்கலாம், நான் சொன்னேனே மல்லிகை எழுத்து, அதுல முதல் எழுத்தை மா-வுக்குப் போட்டுக்கலாம். அதைத் தேர்ந்தெடுக்கறதை முழுசா அவங்ககிட்ட விட்டுடுங்க. உங்க அம்மாவுக்கு சத்தம், அவங்களுக்கு எழுத்து. ரெண்டு பக்கப் பேரையும் பாதி பாதி வெட்டி ஒட்டி புதுசா ஒண்ணு கண்டுபிடிக்கற வேலை மட்டும் வேண்டாம், அது ரெண்டு ஊர்லயும் பேரா இருக்காது. ஒத்தக்கல்மந்தை வெள்ளைக்காரன் ஊட்டகமண்ட் ஆக்கி, அப்புறம் ஊட்டி ஆகி, இன்னைக்கு போர்டுல உதகமண்டலம்னு நிக்குது, அந்தப் பாடு ஊரோட போகட்டும்.

இப்ப அவசரமான சமாச்சாரம். பேரு இல்லாமலே பிறப்பைப் பதிஞ்சிருப்பீங்க, இங்க பேரு சேர்க்க 12 மாசம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, அதுக்கு மேல 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டி சேர்க்கலாம். அந்த தைரியத்துல ஜப்பான் பக்கத்தை விட்டுடாதீங்க, வெளிநாட்டுல பொறந்த குழந்தைய 3 மாசத்துக்குள்ள அவங்க தூதரகத்துலயோ துணைத் தூதரகத்துலயோ பதியணும், துணைத் தூதரகம் சென்னைலயே இருக்கு. ஜப்பான் குடியுரிமைய வச்சுக்கறோம்னு அதே ஃபாரத்துல குறிச்சுக் குடுக்கணும், தவறினா பொறந்த நாள்ல இருந்தே அது இல்லைன்னு ஆயிடும். அஞ்சு வாரம் ஏற்கெனவே போச்சு. அங்க குடும்பப் பதிவேட்டுல அப்பாவோட குடும்பப் பேருதான் வரும், அதனால குன்னூர் நகராட்சில பேரு சேர்க்கும்போதும் இனிஷியல் போடாம அந்தக் குடும்பப் பேரை முழுசா, அவர் பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அதே எழுத்துல போடச் சொல்லுங்க, அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ல ஒரு தடவை காட்டச் சொல்லிப் பாருங்க.

இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பாட்டியையும் ஒரே வீடியோ கால்ல உக்கார வச்சு மாயான்னு கூப்பிடச் சொல்லுங்க. காலைலேயே போடுங்க, அங்க மூணரை மணி நேரம் முன்னாடி, ராத்திரி நம்ம சாப்பாடு முடிஞ்சு கூப்பிட்டா அந்தம்மா தூங்கியிருப்பாங்க.