வெல்டிங் ஷெட்டும் காலை ஜெபமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் நெல்லிக்குப்பம். பதினோரு வருடமாக பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. கடலூர் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன்.

எங்கள் சபை கடலூரில் ஏழைப் பையன்களுக்கு ஒரு தொழிற்பயிற்சி மையம் நடத்துகிறது. வெல்டிங், ஏசி மெக்கானிக், ஆறு மாதம். கட்டணம் இல்லை, மதியச் சாப்பாடு உண்டு. நானும் மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். போன மாதம் நேரில் போனேன். காலையில் முக்கால் மணி நேரம் ஜெபம். அதற்கு வராதவனுக்கு அன்றைக்கு வருகைப் பதிவு கிடையாது. பையன்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. அப்புறம் ஒரு பையனை நிற்க வைத்து சாட்சி வீடியோ எடுத்தார்கள். 'நான் குடித்தேன், திருடினேன், கர்த்தர் மீட்டார்' என்று நாலு டேக். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

பெரியாரிஸ்ட் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். 'அது மதம் மாற்றுகிற கடை, வெல்டிங் வெறும் போர்டு' என்று சிரித்தார். எங்கள் போதகரோ, 'விசுவாசம் இல்லாமல் தொழிலை மட்டும் கொடுத்தால் சம்பளம் டாஸ்மாக்குக்குத்தான் போகும் தம்பி' என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு ஒட்டவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது சரியா? நான் தொடர்ந்து பணம் அனுப்பலாமா?

– ஜெ.

அன்புள்ள ஜெ.,

நான் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் கல்யாணச் சாப்பாட்டுக்காக மட்டும் போகிறவன். விசுவாசத்தைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இப்படியொரு ஷெட்டை உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். 2012-ல், தானே புயல் அடித்துச் சில மாதங்கள் கழித்து, கடலூர் முதுநகரில் ஒரு போதகர் தகரக் கொட்டகை போட்டு வெல்டிங் சொல்லிக்கொடுத்தார். நான் சாயங்காலங்களில் போய் இஞ்ச், மில்லிமீட்டர், கோணம், ட்ராயிங் பார்ப்பது என்று கொஞ்சம் கணக்கு நடத்தினேன். 2011 டிசம்பர் 30 காலையில் அடித்த காற்றில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு போயிருந்தன. தோப்பு வேலையை நம்பியிருந்த வீட்டுப் பையன்கள் சிலர் வந்தார்கள். மீனவர் குப்பங்களிலிருந்து சிலர். காலனிப் பையன்கள்தான் அதிகம். கேப்பர் மலை ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர்கள் இரண்டு பேர்.

ஒருத்தனும் சோம்பேறி இல்லை. ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்ற பவுலின் வசனத்தை அந்தக் கொட்டகைச் சுவரில் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து மூட்டை தூக்கியவன் தலைக்கு மேலே அந்த வசனம்! போதகரிடம் சண்டை போட்டேன். 'உங்கள் பைபிளிலேயே திராட்சைத் தோட்டக் கதை இருக்கிறதே, சாயங்காலம் வரைக்கும் கடைத்தெருவில் நின்றவர்கள், எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்களே, அதை எழுதுங்கள்' என்றேன். சிரித்தார். எழுதவில்லை.

வெல்டிங் கற்றுக்கொள்வது அவர்களுக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. தகட்டில் நேர்கோடு போட ஒரு மாதம். செங்குத்தாக நிறுத்திக் கீழிருந்து மேலே போட இன்னும் இரண்டு மாதம். 45 டிகிரி சாய்வில் அசையாமல் மாட்டிய பைப்பைச் சுற்றி வந்து போடுவதற்கு சிக்ஸ்-ஜி என்று பெயர். அது எக்ஸ்ரேயில் பாஸாகிவிட்டால் வளைகுடா வரைக்கும் கூப்பிடுவார்கள். ராத்திரி குடித்தவன் கை காலையில் ராடு பிடிக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். டாஸ்மாக் விஷயத்தில் உங்கள் போதகர் சொல்வதை வெல்டிங் ராடும் ஒப்புக்கொள்ளும், அவ்வளவுதான்.

கஷ்டமெல்லாம் ஷெட்டுக்கு வெளியேதான். நெல்லிக்குப்பத்துக்காரருக்கு முள்ளோடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லை தாண்டினால் புதுச்சேரி, சரக்கு மலிவு. ஒரு பை கொண்டுவந்து கொடுத்தால் உடனே ரொக்கம். பயிற்சிக்கு வருகிற ஆறு மாதமும் பையனுக்கு வருமானம் இல்லை, வீட்டில் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒருநாள் மதுவிலக்குப் போலீஸில் மாட்டுகிறான். கேஸ் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனில் நிற்கும். சிப்காட்டில் காண்ட்ராக்டர் கேட் பாஸ் போட யோசிப்பார். 'யார் பையன்? தெரிஞ்சவங்க யாராவது சொல்வாங்களா?' என்று கேட்பார். இந்தப் பையன்களுக்காக அப்படிச் சொல்ல ஊரில் ஆளே இல்லை. தொழில் தெரியாத குறையைவிட இந்தக் குறை பெரிது என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

அந்தப் போதகர் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு கிளம்புவார். சனிக்கிழமை வராதவன் வீடு, அதற்கு முன்தினம் வராதவன் வீடு. பிரசங்கம் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து டீ கேட்பார். பையன் எழுந்து முகம் கழுவி வரும்வரை உட்கார்ந்திருப்பார். வேறு வழியில்லாமல் அவன் வண்டியில் ஏறுவான். ஒருத்தன் சரக்கோடு பிடிபட்டபோது தன் வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் ஜாமீன் நின்றார். சபையில் மூத்தவர்கள் சத்தம் போட்டார்கள். அந்தப் பையன் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, இன்றைக்கும் கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போடுகிறான். போதகருக்கு அதில் வருத்தம் உண்டு, மறைக்கவும் மாட்டார். ஆனாலும் அவன் குழந்தைக்குக் காது குத்தியபோது முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஆக, அந்த ஷெட்டில் விசுவாசம் போதகரைத்தான் வேலை வாங்கியது. ஆறு மணிக்கு எழுப்பியது, கோர்ட் வராந்தாவில் நிற்க வைத்தது. உங்கள் மையத்தில் அது பையன்களிடம் வாங்குகிற கட்டணமாகிவிட்டதோ என்று தோன்றுகிறது. ஜெபத்துக்கு வராதவனுக்கு வருகைப் பதிவு இல்லை என்றால், 'கட்டணம் இல்லை' என்ற போர்டைக் கழற்றிவிடலாம்.

இது ஒன்றும் கிறிஸ்தவத்துக்கு வெளியேயிருந்து நான் சொல்வதில்லை. டான் போஸ்கோ என்ற கத்தோலிக்கப் பாதிரியார் இத்தாலியின் டூரினில் 1852-ல் ஒரு தச்சரிடம் ஒரு பையனைத் தொழில் பழகச் சேர்த்தார். முத்திரைத்தாளில் ஒப்பந்தம். பையனை வாயால் கண்டிக்கலாம், அடிக்கக் கூடாது. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை சொல்லக் கூடாது. ஞாயிறும் பண்டிகை நாளும் அவனுக்கு விடுமுறை. பையனின் நடத்தைக்குத் துணை நிற்பதாக டான் போஸ்கோவும் கையெழுத்துப் போட்டார். அவர் சொந்தமாகப் பட்டறை தொடங்கியது 1853-ல், அதற்கும் அடுத்த வருடம். உங்கள் மையத்தில் லேத், ஜெனரேட்டர், புரொஜெக்டர் எல்லாம் இருக்கும். பையன் வேலைக்குப் போகிற இடத்தில் அவனுக்காக யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள், இது கொஞ்சம் கசப்பு. காலனிப் பையன் ஞானஸ்நானம் எடுத்தால் அவன் சாதிச் சான்றிதழ் என்ன ஆகும் என்று யாராவது அவனுக்கு முன்கூட்டியே சொல்கிறார்களா? 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும்தான். 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். புதுச்சேரியில் கிளார்க் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட ஒரு பெண்ணின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அவர் கிறிஸ்தவர் என்று சொல்லி 2024 நவம்பரில் தள்ளுபடியானது. இந்தச் சட்டம் நியாயமில்லை என்பது என் கருத்து. சர்ச்சுக்குள்ளே சாதி ஒன்றும் கரைந்துவிடவில்லை. புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்த சுவரைப் பற்றி 1745-லேயே ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நம் பக்கத்து எறையூரில் 2008-ல் தலித் கிறிஸ்தவர்களுக்கும் சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதல் உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அவமானம் அப்படியே இருக்கும், சான்றிதழ் மட்டும் போய்விடும். பத்தொன்பது வயதுப் பையன் இதெல்லாம் தெரிந்தும் 'எனக்கு இயேசு போதும்' என்றால் அது அவன் உரிமை, நான் யார் குறுக்கே நிற்க. தெரியாமல் முழுக்கினால் அதை என்னவென்று சொல்வது?

வீடியோவை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். திருடினேன் என்று அவன் சொல்வது நாளைக்கு அவனுக்குப் பெண் கொடுக்க வருகிறவர் போனிலும் வரும், கேட் பாஸ் போடுகிறவர் போனிலும் வரும். நன்கொடை தருகிறவர்கள் கேட்கிறார்கள் என்பார்கள். அப்படியானால் நன்கொடை தருகிற நீங்கள், எனக்கு அது வேண்டாம் என்று எழுதுங்கள். நான் எழுதுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

சான்றிதழ் விஷயமும் இருக்கிறது. சபை லெட்டர்பேடில் கொடுக்கிற தாள் சிப்காட் பக்கத்துச் செம்மாங்குப்பம் தாண்டிச் செல்லாது. எட்டாம் வகுப்பு பாஸானவன் ஐடிஐயில் வெல்டர் டிரேடில் சேரலாம், ஒரே வருடம். அரசுப் பள்ளியில் படித்தவனாக இருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கவும் வழி இருக்கிறது. தகுதி உள்ளவனை அங்கே சேர்த்துவிட்டு, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் திங்கட்கிழமைக்கும் சபை பொறுப்பெடுத்தால் உங்கள் பணம் இன்னும் நாலு பேருக்கு வரும்.

பணத்தை நிறுத்த வேண்டாம். உங்கள் நண்பர் சொல்கிறாரே என்று நிறுத்தினால் முதலில் அந்தப் பையன்களின் மதியச் சாப்பாடுதான் நிற்கும், ஜெபம் நடக்கும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு திங்கட்கிழமையும் சேர்த்து லீவு போடுங்கள். காலை ஆறு மணிக்கு மையத்து வாசலில் நின்று, யாராவது வண்டி எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்களா என்று பாருங்கள். யாரும் கிளம்பவில்லை என்றால் நீங்களே போதகரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். முதுநகர் வழியாக வந்தால் போன் செய்யுங்கள், நானும் வருகிறேன்.