இங்க்ஜெட் மை இஸ்திரிக்கு ஒட்டாது, வேறு வழி இருக்கிறது

வணக்கம் தம்பி. சுங்கை சிப்புட்டில் தண்ணீர்த் தொட்டி அலாரத்துக்கு சர்க்கியூட் போர்டு செய்கிறீர்கள், இங்க்ஜெட்டில் அச்சடித்து இஸ்திரி போட்டும் செம்பில் கோடு ஒட்டவில்லை என்கிறீர்கள். லேசர் பிரிண்டரில் போடும் டோனர் பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகிச் செம்பைப் பிடித்துக்கொள்ளும். இங்க்ஜெட் மையில் அப்படி உருக எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் தேய்த்தாலும் ஒட்டாது.

பிரிண்டரை ஒதுக்க வேண்டாம். செம்பில் ஒட்டும் டிரை ஃபிலிம் வாங்குங்கள், யூவி வெளிச்சம் பட்ட இடத்தில் இறுகிப்போகும் மெல்லிய படலம் அது. இங்க்ஜெட் டிரான்ஸ்பரன்சி தாளின் சொரசொரப்பான பக்கத்தில் படத்தை நெகட்டிவாக அச்சடியுங்கள்: கோடுகள் வெறுமையாக, மற்றதெல்லாம் கறுப்பாக. மை பூசிய பக்கம் ஃபிலிமைத் தொட வேண்டும் என்பதால் இடவலம் மாற்றிக்கொள்ளுங்கள். நம்மூர் ஈரக் காற்றில் மை லேசில் காயாது, இரவு முழுக்க விசிறிக்கு அடியில் விடுங்கள். காய்ந்ததும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கறுப்பில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் இரண்டு தாளைப் பொருத்தி வைப்பதுதான் நல்லது.

போர்டில் ஒட்டிய ஃபிலிம் மேல் தாளை வைத்து யூவி விளக்கில் எவ்வளவு நேரம் காட்டுவது என்பதைத் துண்டு போர்டில் சோதியுங்கள். அப்புறம் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையை மறக்காமல் உரித்துவிட்டு, லிட்டருக்கு 10 கிராம் சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரில் கழுவுங்கள். வெளிச்சம் படாத ஃபிலிம் கரைந்துவிடும், அங்கே தெரியும் செம்பைத்தான் பெரிக் குளோரைடு அரிக்கும். ஆப்ப சோடாவை ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வறுத்தால் அதுவே கார்பனேட்.

செம்பு அரித்த பெரிக் குளோரைடை மட்டும் தயவுசெய்து லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள், மீனையும் கொல்லும்.